தோணித் துண்டின் நிறை

ஆறு வருடம் நான் ஒரு தோணிக்குக் காவல் இருந்தேன். கடற்கரையில் இல்லை. பசறையிலிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இறங்கி இன்னும் அரைமணி நேரம் ஏற்றத்தில் நடந்தால் வருகிற தேயிலைத் தோட்டத்தில். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "மலை மேல தோணியா? வெள்ளம் வரப்போவுதுன்னு யாரும் சொன்னாங்களா, புள்ள?" என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். வேலை அது, என்ன செய்வது.

அந்தத் தோணி மகியங்கனைப் பக்கம் ஆற்றில் மணல் அள்ளும்போது இயந்திரத்தில் மாட்டியது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, பலகை சேர்த்தது இல்லை. எத்தனை நூறு வருடம் மணலுக்குள் கிடந்ததோ தெரியாது. இயந்திரத்தின் பல் பட்டு ஒரு நுனி மட்டும் உடைந்து துண்டு துண்டாகியிருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அதிகாரிகள் பல இடம் பார்த்திருக்கிறார்கள். ஆற்றோரம் வெயில் கொளுத்துகிற இடம், அங்கே வைத்தால் காய்ந்து வெடித்துவிடும். நீளமான கூரையும், குளிரும், பக்கத்தில் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். கடைசியில் எங்கள் தோட்டத்தில் மூடிப்போன தேயிலை ஸ்டோர் அகப்பட்டது. ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இயந்திரங்களையெல்லாம் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள், வெறும் கூடம்தான் மிச்சம். அதன் நடுவில் செங்கல் தொட்டி கட்டி, பொலித்தீன் விரித்து, தண்ணீர் நிரப்பித் தோணியை உள்ளே இறக்கினார்கள்.

அதோடு என்னையும் இறக்கினார்கள் என்று சொல்ல வேண்டும். உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, பதுளையில் ஒரு புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்தவள் நான். அப்பா இறந்ததும், லயம் என்று நாங்கள் சொல்கிற தோட்டத்து வரிசை வீட்டில் அம்மா தனியாகிவிட்டார். அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அந்த நேரம் பார்த்து, ஸ்டோருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒன்று வேண்டும் என்றார்கள். தற்காலிக வேலை, வருடத்துக்கு வருடம் நீட்டிப்பார்கள். லயத்திலிருந்து மூன்று நிமிட நடை. அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. ஒரு வருடம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன்.

போக முடியாது என்பது பிறகுதான் விளங்கியது. அவ்வளவு காலம் தண்ணீரில் ஊறிய மரத்தின் உள்ளே மரம் பாதிதான் இருக்கும், மீதி இடத்தைத் தண்ணீர்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் சட்டென்று போனால் மரம் சுருங்கி, வெடித்து, விறகாகிவிடும். அதனால் தண்ணீரில் கரைகிற ஒரு மெழுகைத் தொட்டியில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மெழுகு உள்ளே போய்த் தண்ணீரின் இடத்தைப் பிடிக்க வருடக்கணக்காகும். அதற்குப் பிறகு வெளியே எடுத்து, பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து, கூடாரத்தில் மாதத்துக்கு ஒரு துவாரம் என்று திறந்து மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். இதில் ஒரு நாள்கூட விட்டுவிட்டுப் போக முடியாது. காலையும் மாலையும் குளிர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். தொட்டியில் பாசி பிடித்தால் வழிக்க வேண்டும். என்னோடு படித்தவளின் கல்யாணம் வெலிமடையில் நடந்தது, நான் போகவில்லை. தோட்டத்துக் கோயிலில் தேர் இழுத்தபோது ஸ்டோர் சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மழை விடாமல் பெய்கிற நாட்களில், மண் சரிந்து லயங்களே புதைந்துபோன மீரியபெத்தையை நினைத்துக்கொண்டு லயத்து ஆட்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். நான் மட்டும் தோணியோடு இருப்பேன். பயமாகத்தான் இருக்கும். மண் வந்தால் இரண்டாம் தடவையும் தோணி புதையும், இந்த முறை என்னோடு சேர்ந்து.

மூன்று வருடம் போனபோது எனக்குத் தோணி மேல் ஆத்திரமே வந்துவிட்டது. கறுத்துப்போய், மெழுகுப் பிசுபிசுப்போடு, ஒரு வாய் பேசாத நோயாளி மாதிரி கிடக்கும். நான் அதைத் திட்டியிருக்கிறேன். ஆளில்லாத கூடத்தில் என் சத்தம் எனக்கே திரும்பி வரும்.

இந்த வேலைக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் தங்கியிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வருவார். நான் அவரை மிஸ் என்று கூப்பிடுவேன். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். தோணியைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கூடாரத்துக்குள் வைத்த அன்று என்னைப் பக்கத்தில் இருத்திப் பேசினார்.

"பிள்ளை, தெற்குக் கரையில ஒரு புது நூதனசாலை கட்டீனம். தோணி காய்ஞ்ச உடன அங்கதான் போகும். அதைப் பாக்கிறதுக்கு ஒரு நிரந்தர வேலை இருக்கு. தோணியோட பழகின ஆள் எண்டு நான் உம்மைச் சொல்லிப் போட்டன். ஆனா வாற தை இல்லை, அதுக்கடுத்த தை மாதத்துக்கு முன்னம் தோணி ஆயத்தமா இருக்க வேணும். இல்லாட்டி வேற ஆளை எடுத்துப் போடுவினம்."

நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனியாகச் சிரித்தேன். கடல். மியூசியத்தில் நிரந்தர வேலை. ஒரு அறை, அதற்கு நான் மட்டும் வைத்திருக்கிற சாவி. முப்பத்துமூன்று வயதில் இதெல்லாம் ஒருத்திக்குப் பெரிய ஆசையா என்று கேட்டால், லயத்துக் காம்பரா ஒன்றில், நடுவில் சேலையைத் திரையாகக் கட்டித் தூங்கிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்கு நான்தான் எல்லாம். காலையில் நான் போகிற நேரம், மாலையில் வருகிற நேரம், இரண்டுக்கும் நடுவில் எனக்கு ரொட்டி கொண்டுவந்து தருகிற நேரம், இதை வைத்துத்தான் அவருடைய நாள் நடந்தது. தோணி காயட்டும், கடைசி மாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தோணி காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? தோணியைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது. அதற்குத்தான் உடைந்த நுனியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தார்கள். முழங்கை நீளம் இருக்கும். தோணிக்குச் செய்ததெல்லாம் அதற்கும் செய்து, கூடாரத்தின் வாசலோரம் ஒரு தட்டில் வைத்திருந்தோம். திங்கட்கிழமை காலையில் நான் அதை எடுத்து மின்தராசில் வைத்து, நிறையைக் கொப்பியில் எழுதுவேன். தண்ணீர் போகப் போக நிறை குறையும். குறைந்து குறைந்து ஒரு இடத்தில் நிற்கும். அப்படி மூன்று மாதம் அசையாமல் நின்றால் காய்ந்து முடிந்தது என்று அர்த்தம், மிஸ் கையெழுத்து வைப்பார், தோணி புறப்படும், நானும் புறப்படுவேன்.

முதல் ஏழெட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு திங்களும் கொஞ்சம் குறையும். கொப்பியில் இலக்கம் இறங்கிக்கொண்டே போகும். ஆனி மாதம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது போலிருந்தது. தீபாவளிக்கு முன்பே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். தோட்டத்தில் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, எங்கள் லயத்துக்குப் பின்பக்கம் கோழிக்கூட்டுப் பக்கம். அங்கே நின்று கத்தித்தான் பேச வேண்டும். அங்கிருந்துதான் மிஸ்ஸுக்குத் திங்கள்தோறும் சொல்வேன்: "இந்த வாரமும் கொறஞ்சிருக்கு மிஸ்."

ஆடி மாதம் நிறை ஏறியது.

முதல் தடவை தராசில்தான் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் தடவை மழையைக் குற்றம் சொன்னேன். அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியது, அதற்கடுத்த வாரம் இன்னும் கூடுதலாக ஏறியது. அப்படியே ஆவணி, புரட்டாசி. எதிலும் ஒரு ஒழுங்கில்லை. மிஸ் மாதம் ஒரு தடவை வந்தவர் இரண்டு தடவை வர ஆரம்பித்தார். கூரைத் தகரத்தை ஆணி ஆணியாகப் பார்த்தோம். கூடாரத்தின் துவாரங்களில் பாதியை அடைத்தோம். துண்டை வேறு தட்டுக்கு மாற்றினோம். ஒன்றும் சரிவரவில்லை.

"நீர் இரவில கதவு பூட்டுறனீர்தானே?"

"பூட்டுறேன் மிஸ்."

"யன்னல்?"

"பூட்டுறேன்."

"அப்ப எங்கயிருந்து வருது இந்த ஈரம்? நான் மேலிடத்துக்கு என்னத்தை எழுதுறது?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. வேறு யாரையும் விட நான்தானே அது காய வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன், மரம் காய வேண்டும் என்று தேங்காய் உடைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தீபாவளி போனது. கார்த்திகை மழையில் பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றுபோனது. காலையில் பனி, பகலில் மழை, மாலையில் மறுபடியும் பனி. கூடாரத்துக்குள் தோணி, கூடத்துக்குள் நான், மேகத்துக்குள் தோட்டம். மூச்சு விடுவதற்குக்கூட இடம் இல்லாதது போலிருக்கும். தை மாதம் ஒவ்வொரு நாளாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமைகளில் ஒரு வழக்கம் இருந்தது. நான் முதலில் பீலிக்கரைக்குப் போய்க் குடிதண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருவேன். அதற்குள் அம்மா சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போய், ஸ்டோரைத் திறந்து கூட்டி வைப்பார். யாரும் கேட்காமல் அவராகவே ஆரம்பித்த வேலை அது. மகள் கவர்மெண்ட் வேலை பார்க்கிற இடம் குப்பையாக இருக்கக்கூடாதாம். வெளியாளிடம் சாவி கொடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அம்மா எப்படி வெளியாளாவார்?

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை பீலியில் தண்ணீர் வரவில்லை. மேலே எங்கோ குழாய் உடைந்திருந்தது. வெறும் குடத்தோடு நேரே ஸ்டோருக்குப் போனேன்.

அம்மா கூடார வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். துண்டை மடியில் வைத்திருந்தார். வாளியில் கையை நனைத்து, விரல்களை உதறித் துண்டின் மேல் தெளித்தார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, இன்னும் இரண்டு தரம் தெளித்தார். சேலை முந்தானையால் மேல்பக்கத்தை மட்டும் துடைத்தார். கையில் தூக்கிப் பார்த்தார், ஏந்திப் பார்த்தார், இன்னும் ஒரு கை தெளித்தார். அவசரமோ பயமோ எதுவும் இல்லை. நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்கிற மாதிரி செய்தார்.

கொழுந்துக்குச் செய்கிற வேலை அது. நாளொன்றுக்கு இவ்வளவு கிலோ பறித்தால்தான் முழுப் பேர் போடுவார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர், அரை நாள் சம்பளம். குறைகிற நாளில், நிறுவைக்கு முன்னால் சாக்கின் அடியில் இருக்கிற கொழுந்தில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மாவும் செய்திருக்கிறார். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மலையேற முடியாத மாதங்களில் அப்படித்தான் முழுப் பேர் வாங்கினேன் என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

"அம்மா, என்னா செய்ற?"

திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவில்லை. வெட்கம் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார்.

"வந்துட்டியா? மேலால காஞ்சிருக்கணும் புள்ள, அடியிலதான் ஈரம் இருக்கணும். இல்லாட்டி கண்டுபுடிச்சுக் கழிச்சிருவாங்க."

குடத்தைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. எவ்வளவு காலமாக என்று கேட்டேன். ஆடி மாசத்திலிருந்து என்றார். மெழுகுப் பிசுபிசுப்பில் அடி ஈரம் எனக்கு ஒரு நாளும் தனியாகத் தெரிந்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீதான் ஃபோன்ல சொன்னியே, இந்த வாரமும் கொறஞ்சிருச்சுன்னு. வாராவாரம் அதையேதான் சொன்ன. கொப்பியையும் பாத்தேன். எறங்கிக்கிட்டே போவுது. எத்தன வாரத்துக்குத்தான் அந்தம்மா பொறுத்துக்கும்? வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு எனக்குத் தூக்கமே இல்ல. ஒன்கிட்ட சொன்னா நீ வேணான்னுருவ."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, இலக்கம் தெரியும். நாற்பது வருடம் தன் பேருக்கு நேரே எழுதிய இலக்கத்தை எட்டிப் பார்த்துப் பழகியவர். மேலிருந்து கீழே இறங்குகிற இலக்கங்களைப் பார்த்தால் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றும். நிறை குறைந்தால் நல்லது என்று ஒரு வேலை இருக்க முடியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் ஒரு நாளும் சொன்னதில்லை. நிறை குறைந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தொடங்கினால், நான் போகப்போகிறேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கியிருந்தேன்.

அன்று நான் அம்மாவைப் பேசாத பேச்சு இல்லை. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கோபம் உண்மையானதுதான், அதை இல்லை என்று எழுதினால் பொய். ஐந்து மாதம். கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஐந்து மாதம். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரை வெளியே ஊற்றினார்.

சாயங்காலம் வீட்டில், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்:

"கொறஞ்சாத்தான் நல்லதுன்னா, மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"கொறஞ்சு நின்னுட்டா தோணிய கொண்டுபோயிருவாங்கம்மா. நானும் அதோட போவேன். கடலோரத்துல வேல. நெரந்தரமா."

அம்மா சுளகை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா நீ நனச்சிருக்க மாட்டதானே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார். "தெரியல புள்ள" என்றார்.

அந்த வார வெள்ளிக்கிழமை மிஸ் வந்தார். துண்டின் அடியில் ஈரக் கறை இருந்ததைக் காட்டினேன். காரணம் சொல்ல வேண்டும். கூரை ஒழுகியது என்று சொன்னால் இடமே சரியில்லை என்று எழுதுவார்கள், தோணியை வேறு இடம் மாற்ற இன்னும் எத்தனை வருடமோ. அம்மா என்று சொன்னால், அம்மாவின் பெயர் ஒரு அரசாங்கக் கோப்பில் ஏறும். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மட்டும் ஏறிய பெயர். இந்தக் காரியத்துக்காகவா அது கோப்பில் ஏற வேண்டும்? சாவி கொடுத்ததும் எப்படியும் என் பிழைதான்.

"நாந்தான் மிஸ். வெடிச்சிருமோன்னு பயந்து ஈரத்துணிய சுத்தி வச்சேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

அவர் கொப்பியைப் புரட்டி ஆடி மாதத்திலிருந்து இலக்கங்களைப் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னதைத்தானே அவரால் எழுத முடியும்.

"ஐஞ்சு மாதக் கணக்கும் பிழை. திருப்பித் தொடக்கத்தில இருந்து மூண்டு மாதம் பாக்க வேணும். தை மாத வேலைக்கு நான் இனி உம்மைச் சிபாரிசு செய்ய ஏலாது, பிள்ளை. இந்தக் கொப்பியை வச்சுக்கொண்டு என்னெண்டு செய்யிறது? இஞ்ச இருக்கிற வேலையை மட்டும் முடிச்சுத் தாரும். வேற ஒருத்தரும் இந்த மலையில வந்து இருக்க மாட்டினம்."

ஓம் மிஸ் என்றேன். அவரோடு பழகி, ஆமாம் என்பதற்கு அவர் சொல்கிற அந்த ஓம் எனக்கும் ஒட்டியிருந்தது. தை பிறந்தது, அந்த வேலைக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் அதே பிழை. இந்தத் தடவை சொல்லாததற்குக் காரணம் வேறு. அம்மா மாறிப்போயிருந்தார். ஸ்டோர்ப் பக்கமே வருவதில்லை, ரொட்டியைக்கூட வாசலுக்கு வெளியே கல்லில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை மாலையில் மட்டும் கேட்பார்: "கொறஞ்சுச்சா?" கொறஞ்சிச்சும்மா என்றால் தலையை ஆட்டிக்கொள்வார். மாசி பிறந்ததும், "அசையாம நிக்கிதா?" என்று கேட்க ஆரம்பித்தார். நிக்கிதும்மா என்பேன். நிறை நிற்க நிற்க அம்மா பரபரப்பானார். பசறைச் சந்தைக்குப் போய் எனக்கு ஒரு பேக் வாங்கி வந்தார். இழுத்துக்கொண்டு போகிற, சில்லு வைத்த நீலப் பேக். சட்டை தைக்கக் கொடுத்தார். எனக்குப் பிடிக்கும் என்று மிளகாய்த்தூளை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தார். பீலிக்கரையில் லயம் முழுவதுக்கும் சொல்லிவிட்டார், மகளுக்குக் கடலோரத்தில் நிரந்தர வேலை என்று. பீலியில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும், போனா எங்கள மறந்துராத என்றார்கள். நான் எல்லாரிடமும் சிரித்தேன்.

ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழும்புவேன். பேக்கைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிற அம்மாவைப் பார்ப்பேன். தன் கையால் ஒரு பிழை செய்து, தன் கையாலேயே அதைத் திருத்திக்கொண்டிருப்பதாக நினைத்தார். திருத்த ஒன்றும் மிச்சம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இதற்கு முன்னால் என்னைக் கட்டிப் போட்டது தோணி. அந்த மூன்று மாதமும் கட்டிப் போட்டது சில்லு வைத்த ஒரு பேக்.

சித்திரையில் லொறி வந்தது. ஸ்டோர்க் கதவை நிலையோடு கழற்றி, மெத்தை அடுக்கி, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தோணியை வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அதன் மேல் வெயில் பட்டது. ஒரு வெடிப்பு இல்லை. காய்ந்து, மங்கிய காப்பி நிறத்தில், உளி போன தடம்கூடத் தெரிந்தது. அழகாக இருந்தது. வெறுத்ததெல்லாம் உண்மை என்றாலும் அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. மிஸ் என் தோளைத் தட்டினார். "நீர் இல்லாட்டி இது விறகுதான்" என்றார். ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தார். ஸ்டோர்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அம்மா ரோட்டு வளைவில் நின்றுகொண்டிருந்தார். தீபாவளிச் சேலை. பக்கத்தில் நீலப் பேக், அதன் மேல் மிளகாய்த்தூள் போத்தல் வைத்த சீலைப் பை. லயத்து ஆட்கள் நாலைந்து பேரும் பார்க்க வந்திருந்தார்கள். லொறி மெதுவாக அவர்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஜீப்பும் போனது. மிஸ் கையை அசைத்தார். வளைவு திரும்பியதும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

"நீ ஏறலயா?" என்று அம்மா கேட்டார்.

அடுத்த வண்டியில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். இரவெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"அந்த வேல தை மாசமே வேற ஆளுக்குப் போயிருச்சும்மா. எதனாலன்னு ஒனக்குத் தெரியும்."

ஆட்கள் முன்னால் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. அம்மா ரோட்டைப் பார்த்தார், பேக்கைப் பார்த்தார். பிறகு சீலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேக்கை எடுத்தார். லயத்துக்குப் போகிற கல் படிகளில் சில்லு உதவாது. நான் தூக்க வந்தபோது என் கையைத் தள்ளிவிட்டு, கொழுந்துச் சாக்கைத் தூக்குகிற மாதிரி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் ஏறிப் போனார். நான் பின்னால் வெறுங்கையோடு ஏறினேன். காம்பராவுக்குப் போனதும் அவரே பேக்கைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினார். அதற்குப் பிறகு ரொட்டி தட்டினார், இரண்டு பேரும் சாப்பிட்டோம்.